அம்மாவின் முட்டிவலிக்கு சின்சேயிடம் ஊசி குத்தலாமா?

ஆங் மோ கியோ குமரன் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எக்ஸ்ரே எடுத்தார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள், உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சியை அம்மா இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் சீரியல் நேரம் இடித்துவிட்டது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் முட்டிவலி இருந்தது. தோ பாயோவில் ஒரு சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டுதான் குறைந்தது என்கிறார். அம்மாவையும் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறார். இதுவரைக்கும் சரி.

சிக்கல் வேறு. அம்மாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. மாத்திரை உண்டு, இரவில் இன்சுலினும் போடுகிறார். இதயத்துடிப்பு சீராக இல்லை என்பதால் இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் இருக்கிறது. ஊரில் இருக்கும் சித்தி தினமும் வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்புகிறார், எல்லாமே ‘ஒரே ஊசி, சர்க்கரை போயே போச்சு’ ரகம். நேற்று தற்செயலாக இன்சுலின் பேனாவை எடுத்துப் பார்த்தேன். நாலு நாளாக அளவு குறையவே இல்லை. கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: “அதான் ஊசி குத்திக்கப் போறேனே, ஒரு ஊசிக்கு எதுக்கு இன்னொரு ஊசி?”

இந்த அக்குபங்சர் எந்த நோய்க்கு உண்மையிலேயே உதவும், எதற்கு உதவாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் பஸ்காரன் | சனி, இரவு 10.15

தம்பி, நான் பஸ் ஓட்டுகிறவன். 19 வருடமாக ஒரே சீட், ஒரே இடுப்பு. போன வருடம் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத நிலைமை. மார்சிலிங் பக்கம் ஒரு சின்சே கடையில் ஆறு தடவை ஊசி குத்திக்கொண்டேன், தடவைக்கு 38 வெள்ளி (டாலர்).

ஊசி என்றதும் தாதி கையிலிருக்கும் ஊசியை நினைத்து பயந்துவிட்டேன். பார்த்தால் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி. அப்புறம் அவர் லேசாகத் திருகுவார். அந்த இடம் கனத்துப்போய், உள்ளுக்குள் யாரோ இழுப்பது போல மந்தமாக ஒரு வலி வரும். அது வந்தால்தான் சின்சேக்குத் திருப்தி. அதை ‘தே சி’ என்கிறார்கள். இரண்டு ஊசியில் ஒயர் மாட்டி மின்சாரமும் விட்டார். தொடை துடிதுடித்தது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் தடவைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன். வலி பத்துக்கு ஏழாக இருந்தது மூன்றுக்கு இறங்கியது. முழுசாகப் போகவில்லை, ஆனால் ஷூ லேஸ் கட்டுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: சின்சே கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சான்றிதழை முதலாளி ஏற்கவேண்டும் என்று வேலைச் சட்டத்தில் இல்லை. ஏற்பது அவர் விருப்பம். தெரியாமல் கொடுத்து ஒரு நாள் சம்பளம் போச்சு.

சந்தேகப்பிராணி | சனி, இரவு 11.02

அண்ணே, உங்கள் வலி குறைந்ததில் எனக்கும் சந்தோஷம். ஊசிதான் குறைத்தது என்று எப்படித் தெரியும்? இடுப்பு வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் சின்சேயைத் தேடிப் போகிறார். அதற்கு அப்புறம் இறங்கத்தானே செய்யும்?

ஜெர்மனியில் இதைப் பெரிய அளவில் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர், மூன்று குழு. முதல் குழுவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இரண்டாவது குழுவுக்குப் போலி ஊசி: புள்ளி இல்லாத இடத்தில், மேலாக, திருகாமல். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மருந்தும் பிசியோவும். ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் அசல் ஊசியில் 47.6 விழுக்காடு, போலி ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4.

புள்ளி, நாடி, ‘சி’ என்கிற உயிர்ச்சக்தியின் ஓட்டம் என்று ஐந்தாறு வருடம் படித்துவிட்டுக் குத்துவதும், சும்மா குத்துவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆகிறது.

தெம்பனிஸ் டீச்சர் | சனி, இரவு 11.30

அதே எண்களை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஊசி குத்தியவர்கள், அசலோ போலியோ, மருந்துக் குழுவைவிடத் தெளிவாக முன்னே இருக்கிறார்கள். வலியோடு இருக்கிறவளுக்கு முதலில் வேண்டியது நிவாரணம். விளக்கம் அப்புறம் வரட்டும்.

எனக்கு ஒற்றைத் தலைவலி 20 வருடமாக. மாதத்தில் ஒன்பது பத்து நாள் இருட்டு அறையில் படுத்திருப்பேன். தடுப்பு மாத்திரை சாப்பிட்டால் வகுப்பில் நின்றுகொண்டே தூங்கிவிடுவேன் போலிருந்தது, விட்டுவிட்டேன். என் நரம்பியல் மருத்துவரே அக்குபங்சர் முயன்று பாருங்களேன் என்றார். எட்டு வாரத்தில் பத்துத் தடவை. நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் கணக்கு கையில் இருக்கிறது: மாதம் ஒன்பது நாள் என்றிருந்தது நாலாகியது. ஒரு வருடம் ஆகிறது, இப்போது ஐந்து.

சும்மா என் கதையை மட்டும் நம்பாதீர்கள். 2016இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 22 சோதனைகளை, 4,985 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஊசி குத்தியவர்களில் 100க்கு 41 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 17 பேருக்குத்தான். போலி ஊசியோடு ஒப்பிட்ட சோதனைகளில் அசலில் 100க்கு 50 பேர், போலியில் 41 பேர். சிறிய வித்தியாசம்தான், ஆனால் இருக்கிறது. தடுப்பு மாத்திரைகளோடு ஒப்பிட்டபோதும் மூன்று மாதத்தில் ஊசி பின்தங்கவில்லை. பக்கவிளைவும் குறைவு. என்னைப்போல மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

தாதி அக்கா | ஞாயிறு, காலை 8.25

இரவு வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். மற்ற வாதமெல்லாம் அப்புறம். குமரன் தம்பி, முதலில் அம்மாவின் சர்க்கரை அளவை இப்போதே பாருங்கள். நாலு நாள் இன்சுலின் இல்லை என்றால் எண் என்ன என்று தெரிந்தாக வேண்டும். ரொம்ப அதிகமாக இருந்தாலோ, அடிக்கடி சிறுநீர், தாகம், வாந்தி, மயக்கம் மாதிரி எதுவும் இருந்தாலோ இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டு இன்சுலினை மறுபடி ஆரம்பியுங்கள். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரட்டை மடங்கு போட்டுவிடாதீர்கள்.

அம்மா சொன்னதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். இன்சுலினும் ஊசி, சின்சே குத்துவதும் ஊசி. வார்டில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி, “சீனன் ஊசியில என்ன மருந்து தம்பி வெச்சிருக்கான்?” என்று மருத்துவரைக் கேட்டார். சின்சேயின் ஊசியில் மருந்து கிடையாது, அது வெறும் எஃகுக் கம்பி. தோலையும் தசையையும் நரம்பையும் சீண்டுகிறது, மூளையும் தண்டுவடமும் அதற்குப் பதில் சொல்கின்றன. வலியின் ஒலியளவைக் குறைக்கிற பதில் அது. கணையத்துக்கு இல்லாத இன்சுலினைக் கம்பி எங்கிருந்து கொண்டுவரும்? இதை இப்படியே அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

சரி, எதற்கு உதவும்? என் கணக்கில் இரண்டே இரண்டு இடத்தில் தைரியமாகச் சொல்வேன். ஒன்று நாள்பட்ட வலி: கழுத்து, இடுப்பு, தோள்பட்டை, முழங்கால், தலைவலி. 2018இல் 39 சோதனைகளில் இருந்த 20,827 நோயாளிகளின் தனித்தனி விவரங்களைச் சேர்த்து அலசினார்கள். போலி ஊசியைவிட அசல் ஊசி சற்று மேல், ஊசியே இல்லாததைவிட நன்றாகவே மேல். கிடைத்த பலனில் பெரும்பகுதி ஒரு வருடம் கழித்தும் நிற்கிறது, சுமார் 15 விழுக்காடுதான் கரைகிறது. சந்தேகப்பிராணி தம்பி இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இன்னொன்று குமட்டல், வாந்தி. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உள்பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி. நெய்குவான் என்பார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்திக்கு அந்தப் புள்ளியைத் தூண்டுவது பற்றி 59 சோதனைகள், 7,667 பேர். போலியைவிட நன்றாக வேலை செய்கிறது, வாந்தி மருந்துகளுக்கு ஏறக்குறைய சமம். கீமோ எடுக்கும்போது வரும் குமட்டலுக்கும் சொல்வதுண்டு. ஊசியே வேண்டியதில்லை, விரலால் அழுத்தினாலும் ஓரளவு கேட்கும். தீவுக்குப் போகும் படகில் என் மகளுக்கு அழுத்திவிடுவேன். அவள் எழுந்து ஓடாமல் ஒரே இடத்தில் உட்காருகிறாள், அதுவே பலன்!

மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு மூட்டெல்லாம் வலிக்கும். அந்த வலிக்கும் 226 பெண்களை வைத்து ஒரு நல்ல சோதனை 2018இல் வந்தது. வலி மிதமாகக் குறைந்தது. இதைச் சொல்லக் காரணம், வலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்களைப் பார்க்கிறேன். ஊசி அவர்களை மாத்திரையிலேயே இருக்கவைத்தால் அது பெரிய புண்ணியம்.

அம்மாவுக்கான எச்சரிக்கை தனியாக எழுதுகிறேன், இப்போது கண் சொக்குகிறது.

ஊர் வைத்தியம் | ஞாயிறு, காலை 10.50

எல்லாரும் ஆங்கில மருத்துவத்துக்கே வக்காலத்து வாங்குகிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனமே 28 நோய்களுக்கு அக்குபங்சர் பலன் தரும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறது. சீன மருத்துவத்துக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டது. எங்கள் ஊரில் நாடி பார்த்து ஒரே புள்ளியைத் தொட்டே சர்க்கரையைக் குணப்படுத்துகிறார்கள், ஊசிகூட வேண்டாம். மருந்துக் கம்பெனிகளுக்கு இது பிடிக்காது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 11.20

நோபலை முதலில் முடித்துவிடுவோம். 2015இல் தூ யூயூ என்ற அம்மையாருக்குக் கிடைத்தது. ஒரு மூலிகையிலிருந்து ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்ததற்கு. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த மூலிகையும் சும்மா வரவில்லை, ஆய்வுக்கூடத்தில் பிரித்து, குரங்கில் சோதித்து, மனிதரில் சோதித்துத்தான் மருந்தானது.

28 நோய் பட்டியல் 2002இல் வந்தது. நிஜம்தான். அந்தக் காலத்துச் சோதனைகளில் பல சிறியவை, தரம் கலந்தவை. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டதால்தான் வலி, வாந்தி பக்கத்திலேயே சீதபேதி, இரத்த அழுத்தம், பக்கவாதம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அப்போதே நிறையப் பேர் குறை சொன்னார்கள். நீங்கள் அந்தப் பட்டியலை முழுக்கப் படித்தீர்களா என்று தெரியவில்லை. அந்த 28இல் சர்க்கரை இல்லவே இல்லை. அடுத்த பட்டியலில், ‘இன்னும் சான்று தேவை’ என்ற வகையில் இருக்கிறது, அதுவும் இன்சுலின் தேவைப்படாத சர்க்கரை. குமரனின் அம்மா இன்சுலின் போடுகிறவர். நீங்கள் சாட்சிக்கு அழைத்த ஆளே உங்கள் பக்கம் பேசவில்லை.

தாதி அக்காவின் 39 சோதனையை ஏற்கிறேன். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதா என்பதில்தான் சண்டை.

ஊர் வைத்தியம் | ஞாயிறு, காலை 11.41

நம்பிக்கை இல்லாதவர்களிடம் பேசிப் பயனில்லை. என் மாமனாருக்குக் குணமானது, அது போதும் எனக்கு.

சிராங்கூன் தாத்தா | ஞாயிறு, பகல் 1.15

சண்டை போடாதீர்கள் பிள்ளைகளா. எனக்கு 74 வயது, சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் வளர்ந்தவன். அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்கும் சின்சேக்கும் நல்ல பழக்கம். கை மூட்டு பிசகினால் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது சின்சே கடைக்குத்தான். தோங் சாய் மருத்துவ நிலையம் 1867இலிருந்து இன மதம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் பார்த்த இடம், அதனால் தமிழர்களும் போவார்கள். சிராங்கூன் ரோட்டிலேயே குவோங் வை ஷியூ 1910இலிருந்து நிற்கிறது. முன்னால் டான் டோக் செங் மருத்துவமனை இருந்த இடம் அது.

எங்களுக்குச் சீனம் தெரியாது, சின்சேக்குத் தமிழ் தெரியாது. நடுவில் மலாய். “மானா சாகிட்?” என்பார். எங்கே வலி என்று. காட்டுவோம். ஊசி எடுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி கண்டிப்பாக உண்டு: “சூடா மக்கான்?” சாப்பிட்டாச்சா என்று. நான் அதை உபசாரம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வெறும் வயிற்றோடு போய், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். நாலாவது ஊசியில் கண் இருட்டி வேர்த்துக் கொட்டிவிட்டது. ஊசிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, காலைத் தூக்கி வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் திட்டினார் பாருங்கள், அது மலாய் இல்லை, சுத்த ஹொக்கியன் சீனம்.

அவர் ஊசியைச் சாராயத்தில் நனைத்துத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குக் குத்துவார். இப்போது அப்படிச் செய்தால் விடவே கூடாது. ஊசிக் கவரை உங்கள் கண்முன்னே கிழிக்கிறாரா பாருங்கள்.

பெயர் வேண்டாம் | ஞாயிறு, மாலை 6.05

வலியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இதை விற்பது வேறு பெயரில்.

ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) மூன்று சுற்று. இரண்டாவது சுற்றின்போது ஓர் இடத்தில் ‘கருத்தரிப்புத் தொகுப்பு’ என்று 12 தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். கரு தங்கவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஐவிஎஃப் செய்துகொண்ட 848 பெண்களிடம் சோதித்து 2018இல் ஜாமா மருத்துவ இதழில் போட்டிருந்தார்கள். குழந்தை பிறந்தது அசல் ஊசியில் 18.3 விழுக்காடு, போலி ஊசியில் 17.8. அவ்வளவுதான்.

கோபம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அந்த அறையில் 40 நிமிடம் விளக்கை அணைத்துப் படுக்கவைப்பார்கள். ‘இன்னும் விசேஷம் இல்லையா’ என்று யாரும் கேட்காத 40 நிமிடம். மனசு லேசாகும். அதற்காக மட்டும் என்றால் மறுபடி போவேன், குழந்தைக்காக இல்லை. மூன்றாவது சுற்றில் ஊசி இல்லாமல் பையன் பிறந்தான்.

தெம்பனிஸ் டீச்சர் | ஞாயிறு, மாலை 6.40

பையனுக்கு என் முத்தம் ஒன்று. எழுதியதற்கு நன்றி.

புக்கிட் பாத்தோக் ராணி | ஞாயிறு, இரவு 8.10

என் தம்பி கதையைக் கேளுங்கள். காலையில் பல் தேய்க்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணல், வலது கண் மூடவில்லை. எங்கள் பாட்டி “காத்து பட்டிருக்கு” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் முகவாதத்துக்கு ஊசிதான் கைகண்ட மருந்து என்று சின்சேயிடம் அழைத்துப்போனார். ஐந்து நாள் ஊசி. ஆறாம் நாள் மருத்துவரிடம் போனால் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெல் முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கவேண்டுமாம். அந்த வாசல் மூடிவிட்டது.

பெரும்பாலோருக்கு அதுவாகவே சரியாகும், தம்பிக்கும் முக்கால்வாசி சரியாகிவிட்டது. சின்சே தன்னால்தான் என்கிறார். இப்போதும் சிரித்தால் வலது கண் சுருங்கும். கல்யாணப் படத்தில் ஒரு கண் அடிக்கிற மாதிரி இருக்கிறான்.

அது பக்கவாதமாக இருந்திருந்தால்? வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் சின்சேயும் வேண்டாம், பாட்டியும் வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

தாதி அக்கா | திங்கள், மாலை 4.30

ராணி சொன்னதை ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டிவைக்கவேண்டும். ஊசி செய்யும் கெடுதலைவிட ஊசியை நம்பி மற்றதைத் தள்ளிப்போடுவது செய்யும் கெடுதல்தான் நான் அதிகம் பார்த்தது.

ஊசியின் கெடுதலும் இல்லாமலில்லை. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்தார்கள். 100க்கு எட்டு ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு, பெரும்பாலும் சின்ன இரத்தக்கசிவு, கன்றிப்போவது, வலி. நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிந்தது இரண்டே பேருக்கு. அபூர்வம்தான், ஆனால் மார்பு, தோள் பக்கம் குத்திய பிறகு மூச்சு வாங்கினால் அலட்சியம் வேண்டாம்.

குமரன், அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை சின்சேயிடம் கட்டாயம் சொல்லவேண்டும். மருந்துப் பட்டியலைப் படம் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். ஊசிக்காக அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது, பக்கவாதம் வராமல் காப்பது அதுதான். ஆழமாகக் குத்த வேண்டாம், எடுத்த பிறகு பஞ்சு வைத்துக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தச் சொல்லுங்கள். தோலைக் கீறி இரத்தம் உறிஞ்சும் கோப்பை வைக்கிறேன் என்றால் வேண்டாம். மூலிகைப் பொடி கொடுத்தால் வாங்காமல் வரச் சொல்லுங்கள், சில மூலிகைகள் இரத்த மருந்தோடு மோதும். 15 வருடச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பாதம் பக்கம் மூலிகை சுட்டு வெப்பம் காட்டுவதும், சூடு விளக்கு வைப்பதும் ஆபத்து. சுடுவதே தெரியாது, காலையில் பார்த்தால் கொப்புளம். கர்ப்பமாக இருப்பவர்களும் வாய் திறந்து சொல்லிவிடவேண்டும், தவிர்க்கிற புள்ளிகள் உண்டு.

முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி சரியா என்பதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் 2019 வழிகாட்டியில் நிபந்தனையோடு முயலலாம் என்றார்கள். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டி வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் தேய்மானத்துக்குத் தரவேண்டாம் என்றது. அதே நைஸ் ஒற்றைத் தலைவலிக்குப் பத்துத் தடவை வரை பரிந்துரைக்கலாம் என்கிறது. என் யோசனை: ஆறு தடவை பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். 20 தடவை தொகுப்புக்கு மொத்தப் பணம் கட்டாதீர்கள்.

உட்லண்ட்ஸ் பஸ்காரன் | திங்கள், மாலை 5.12

அக்கா, சின்சே அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது? ஊசி போலி என்கிறீர்கள், ஆளும் போலியாக இருந்தால்?

தாதி அக்கா | திங்கள், மாலை 5.30

இங்கே அது சுலபம் அண்ணே. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன மருத்துவர்களும் அக்குபங்சர் செய்பவர்களும் பாரம்பரியச் சீன மருத்துவர் வாரியத்தில் பதிந்திருக்கவேண்டும். பெயரை வாரியத்தின் இணையப் பக்கத்தில் தட்டினால் பதிவு இருக்கிறதா என்று தெரியும். வீட்டுக்கு வந்து குத்துகிறேன் என்பவரின் பெயரையும் தட்டிப் பாருங்கள். ‘ஊரில் மூன்று நாள் வகுப்பில் கற்றேன்’ என்பவர் அதில் இருக்கமாட்டார். அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலும் அக்குபங்சர் பிரிவு உண்டு. விலை கூடுதல், ஆனால் மருத்துவரின் குறிப்பும் ஊசிக்காரரின் குறிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

சந்தேகப்பிராணி | திங்கள், இரவு 9.00

எனக்கு ஒரு சந்தேகம் (பெயரே அதுதானே). இங்கே தூசிப்பூச்சி ஒவ்வாமையில் மூக்கு ஒழுகாத வீடு கிடையாது. மூக்குக்கு ஊசி என்று எதிரில் ஒரு கடை பலகை வைத்திருக்கிறது. தேடினால் ஜெர்மனியில் 422 பேரிடம் செய்து 2013இல் வந்த சோதனை கிடைத்தது. அதில் அசல் ஊசி போலியைக் கொஞ்சம் ஜெயித்திருக்கிறது. என் மூக்கே என்னைக் காட்டிக்கொடுக்கிறது. போகலாமா?

தெம்பனிஸ் டீச்சர் | திங்கள், இரவு 9.04

போங்கள். போலி ஊசி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆங் மோ கியோ குமரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். அன்று சர்க்கரை 17.8 மில்லிமோல் (ஊர்க் கணக்கில் சுமார் 320) இருந்தது. அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட்டோம். இன்சுலின் மறுபடி ஆரம்பித்தாயிற்று, இப்போது காலையில் ஏழு எட்டு. முட்டிக்கு ஊசி குத்த மருத்துவர் தடை சொல்லவில்லை. தாதி அக்கா சொன்ன அதே எச்சரிக்கைகளைச் சொன்னார்.

தோ பாயோ சின்சேயின் பெயர் வாரியப் பட்டியலில் இருந்தது. எனக்குத்தான் பயம், அம்மாவுக்குச் சீனமும் வராது, ஆங்கிலமும் அரைகுறை. மொழிபெயர்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். சின்சேக்கு அறுபது வயதிருக்கும். அம்மாவை உட்காரவைத்து முதல் கேள்வி கேட்டார்: “சூடா மக்கான்?” தாத்தா, உங்களைத்தான் நினைத்தேன். அம்மா கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) மலாய்க்காரர்களோடு வளர்ந்தவர். “சூடா, சூடா, ரொட்டி டுவா” (சாப்பிட்டாச்சு, ரெண்டு ரொட்டி) என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நான் மூலையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் குறைவாக, மேலோட்டமாகத்தான் குத்தினார். சர்க்கரைக்கும் குத்துவீர்களா என்று அம்மா கேட்டே விட்டார். அவர் கையை அசைத்து, அது டாக்டர் வேலை, என் வேலை முட்டி என்று சொல்லிவிட்டார். ஐந்து தடவை ஆயிற்று. ஒரு தடவை பெரிதாகக் கன்றிப்போனது. வலி? கொஞ்சம் குறைந்திருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போய்வரும் வழியில் மூன்று இடத்தில் உட்காருவார், இப்போது ஒரு இடத்தில் உட்காருகிறார். ஊசிதானா என்று சந்தேகப்பிராணி கேட்பார், எனக்கும் தெரியாது. ஏனென்றால் சின்சே காலை நீட்டி மடக்கும் பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார். பலதுறை மருந்தகத்தில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன், அச்சு அசல் அதே பயிற்சி. இதை மட்டும் சீரியல் ஓடும்போதே தவறாமல் செய்கிறார், சின்சே அடுத்த வாரம் கேட்பாராம்.

நேற்று சித்திக்கு அம்மா அனுப்பிய குரல்பதிவை நானும் கேட்டேன். “அடியே, அந்த ஊசி வேற, இந்த ஊசி வேற. ரெண்டையும் போட்டு குழப்பாத. இனிமே வீடியோ அனுப்புறதா இருந்தா கோலம் வீடியோ அனுப்பு.”

உட்லண்ட்ஸ் பஸ்காரன் | ஞாயிறு, காலை 9.50

தம்பி, அந்தப் பயிற்சித் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்களேன். எங்கள் வீட்டம்மாவுக்கும் முட்டி ஆரம்பித்துவிட்டது. சின்சே சொன்னார் என்றே சொல்லிக்கொள்கிறேன்.